குளிர்நீர்க் குழாயும் நான்கு மஞ்சள் துண்டுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

## ஆலையும் என் வேலையும்

மின்னணு உதிரிப்பாகங்கள் தயாரிக்கும் புது ஆலை. தூசி, ஈரப்பதம், அதிர்வு மூன்றையும் கட்டுக்குள் வைத்த கிளீன் ரூம்கள் ஒரு கட்டடத்தில். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், பம்ப், கம்ப்ரஸர், பாய்லர் எல்லாம் தனியாக யூட்டிலிட்டி பிளாக்கில். இரண்டுக்கும் நடுவே சுமார் 120 மீட்டர் நீளத்துக்கு ஒரு பைப் ரேக், அதாவது குழாய்களைத் தாங்கும் இரும்புச் சட்டகம். ஆலையின் பெயரையும் ஒப்பந்ததாரர், ஆலோசகர் பெயர்களையும் சொல்லப்போவதில்லை. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தத் திட்டத்தில் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர். லேஅவுட் போடுபவர் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்வார். அது சூட்டில் எவ்வளவு நீளும், குளிரில் எவ்வளவு சுருங்கும், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே நகர விட வேண்டும், பம்ப்பின் வாயில் எவ்வளவு விசை விழும் என்று பார்ப்பது என் வேலை. ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதிநூலும் சீசர் 2 மென்பொருளும்தான் கையிலிருக்கும் கருவிகள்.

இந்த மாதிரி ஆலைகளில் ஸ்ட்ரெஸ் ஆட்களின் கவனம் முழுக்க வேறு பக்கம் இருக்கும். சூடான தூய நீர் பி.வி.டி.எஃப். பிளாஸ்டிக் குழாயில் போகும். அது எஃகைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நீளும். பாய்லரிலிருந்து நீராவிக் குழாய், திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து வரும் குழாய் என்று கவலைப்பட நிறைய உண்டு. எனக்கு ஒதுக்கப்பட்ட மணி நேரத்தில் பாதிக்கு மேல் பி.வி.டி.எஃப். குழாய்களே விழுங்கிவிட்டன. 7 டிகிரியில் ஓடும் குளிர்நீர்க் குழாயை நினைத்து யாரும் தூக்கம் கெட்டதில்லை.

## பட்டியலில் வராத குழாய்

ஒவ்வொரு திட்டத்திலும் முதலில் ஒரு பட்டியல் போடுவோம். எந்தக் குழாயை மென்பொருளில் ஏற்றிப் பார்ப்பது, எதைக் கைக்கணக்கில் முடிப்பது, எதைக் கண்ணால் பார்த்து விட்டுவிடுவது என்ற பிரிப்பு. எங்கள் அளவுகோல் இரண்டே இரண்டு: வெப்பநிலை, குழாயின் விட்டம். 80 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே, பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உள்ளே. பம்ப், கம்ப்ரஸரோடு சேரும் பெரிய குழாய்கள் தனிக் கணக்கு.

குளிர்நீர்க் குழாய் 20 இன்ச், கார்பன் ஸ்டீல், வடிவமைப்பு அழுத்தம் 10 பார். பி31.3 இதைத் தீங்கில்லாத திரவம் என்று 'டி' வகையில் சேர்க்கும்: எரியாது, நச்சில்லை, சுமார் 10.35 பாருக்குள், 186 டிகிரிக்குள். கூடவே அது ஏசி பேக்கேஜில் வந்தது. குழாயை வரைந்தது ஏசி ஆலோசகர், போட்டது ஏசி ஒப்பந்ததாரர். எங்கள் பட்டியலில் அந்த வரிசைக்கு நேராக 'தேவையில்லை, பிறர் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

அந்தக் குழாயின் படத்தில் ரேக்கின் நடுவாக்கில் ஒரு சின்னக் குறி இருந்தது. ரேக் அங்கே இரண்டு தனித்தனிக் கட்டமைப்பாகப் பிரிகிறது. அந்த இடைவெளிக்கு மேலே, போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் தலா ஒரு ஆக்ஸியல் பெல்லோஸ்: நீளவாக்கில் விரியவும் சுருங்கவும் கூடிய மடிப்புத் தகட்டு இணைப்பு. இருபுறமும் 'ஆங்கர்', அதாவது குழாயை அசையாமல் பிடிக்கும் இடம், என்று எழுதி முக்கோணம் போட்டிருந்தார்கள். ஆங்கர் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று எங்கேயும் எண் இல்லை. அந்தப் படம் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. ரேக்கில் இடம் மோதுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினோம்.

## சோதனையில் தேறியது

கட்டுமானம் முடிந்து ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை, நடந்தது. வடிவமைப்பு அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 15 பார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பெல்லோஸ் தொழிற்சாலையிலிருந்து வரும்போது வழியில் நசுங்காமலும் இழுபடாமலும் இருக்க இரு முனைகளையும் சேர்த்துச் சில இரும்புத் துண்டுகளை வைத்து அனுப்புவார்கள். எளிதில் கண்ணில் படட்டும் என்று மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கும். இங்கே வந்தவற்றில் ஒவ்வொன்றிலும் 50-க்கு 50 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) நான்கு பற்றவைத்திருந்தது. ஹைட்ரோ டெஸ்ட்டின்போதும் அவை அப்படியே இருந்தன. டெஸ்ட் முடிந்து, பம்ப்பை ஓட்டுவதற்கு முன்னால், பெல்லோஸில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தபடி ஆட்கள் அவற்றை கிரைண்டரால் அறுத்து எடுத்தார்கள். அட்டையில் இருந்ததைத்தான் செய்தார்கள். அட்டை சொல்லாமல் விட்டது, எடுப்பதற்கு முன்னால் ஆங்கர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள் என்பதை.

## தளத்திலிருந்து வந்த படம்

மே மாதம், பகல் 11 மணி இருக்கும். தளத்திலிருந்த இளம் இன்ஜினியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். 20 இன்ச் குழாயின் அடியில் உள்ள ஷூ (குழாயைத் தாங்கும் இரும்புக் கால்), ரேக்கின் குறுக்கு பீமில் நடுவாக உட்கார வேண்டியது, விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வரி: "சார், பைப் சுருங்கிடுச்சு போல. ஷூ நீளம் பத்தல."

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 120 மீட்டர் எஃகு 35 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு இறங்கினால் 39 மி.மீ. சுருங்கும். படத்தில் தெரிந்த நகர்வும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீளமான ஷூ போடச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் எதற்கோ கேட்டேன்:

"தண்ணி இப்ப எத்தனை டிகிரி?"

"முப்பத்திரெண்டு சார். சில்லர் இன்னும் ஓட்டலையே. ஃபிளஷிங்தான் போகுது."

குழாய் குளிரவே இல்லை. அப்புறம் எப்படிச் சுருங்கும்?

ஃபிளஷிங்கை, அதாவது தண்ணீர் ஓட்டிக் குழாயைக் கழுவுவதை, நிறுத்தி அழுத்தத்தை இறக்கச் சொன்னேன். ரேக்கின் கீழே யாரும் நிற்க வேண்டாம் என்றும் சொன்னேன். கார் எடுத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு மணி நேரம்.

அதே அழைப்பில் நான் இன்னொன்றும் சொன்னேன், அது தவறு. ஃபிளஷிங் நின்றால் அட்டவணை தள்ளிப்போகும் என்று ஒப்பந்ததாரர் பதறினார். அறுத்த மஞ்சள் துண்டுகளைத் திரும்பப் பற்றவைத்துக் குறைந்த அழுத்தத்தில் தொடரலாமா என்று கேட்டார். சரி, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். தளத்தில் 'பார்க்கலாம்' என்றால் 'செய்யலாம்' என்று பொருள் என்பது தெரிந்தும் சொன்னேன்.

## நேரில் பார்த்தது

ரேக்கின் நடைமேடையில் ஏறி டேப் பிடித்து அளந்தோம். போகும் குழாயின் பெல்லோஸ் 46 மி.மீ. நீண்டிருந்தது. ஹார்மோனியத்தின் மடிப்பு முழுக்க விரிந்ததுபோல ஒவ்வொரு மடிப்பும் வாய் பிளந்து நின்றது. அந்த 46-ல் யூட்டிலிட்டி பிளாக் பக்கம் 42, ஆலைக் கட்டடம் பக்கம் 4. கட்டடப் பக்கம் ஏன் அவ்வளவு குறைவு என்று குனிந்து பார்த்தால், யாரோ அங்கே இரண்டு ஷூக்களை பீமோடு பற்றவைத்திருந்தார்கள். எந்தப் படத்திலும் இல்லாத வேலை. அந்த பீமின் மேல் தகடு லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது.

ஆங்கர் என்று படத்தில் இருந்த இடத்தில் நிஜத்தில் இருந்தது குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு யூ-போல்ட். நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. குழாயில் பெயின்ட் 42 மி.மீ. நீளத்துக்கு வழித்தெடுத்த மாதிரிக் கோடு. போல்ட்டை இறுக்கியவர் மீது எந்தக் குறையும் இல்லை. குழாய் அதற்குள்ளேயே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ரேக்கிலிருந்து பிரிந்த ஒரு 3 இன்ச் கிளைக் குழாயும் சேர்ந்து இழுபட்டு, அதன் ஃபிளாஞ்ச்சில் கேஸ்கெட் கசிந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை.

பக்கத்தில் திரும்பும் குழாய். அதே 20 இன்ச், அதே நீளம், அதே தண்ணீர், அதே 32 டிகிரி, அதே மாதிரி பெல்லோஸ். அது 11 மி.மீ. மட்டுமே நீண்டிருந்தது. காலையில் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த அளவுகளைக் கேட்டேன். போகும் குழாயில் 5 பார், திரும்பும் குழாயில் 3 பார். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒன்றுதான். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

## துருத்திக் கணக்கு

பெல்லோஸ் என்பது நம்மூர்த் துருத்திதான். உள்ளே அழுத்தம் ஏறினால் அது விரியத்தான் பார்க்கும். சாதாரணக் குழாயில் தண்ணீரின் அழுத்தம் இரு முனை வளைவுகளையும் வெளியே தள்ளும், குழாயின் சுவர் அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். யாருக்கும் எதுவும் தெரியாது. சுவரை நடுவில் வெட்டி மெல்லிய மடிப்புத் தகட்டை வைத்ததும் இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் போகிறது. அந்த விசை முழுவதும் ஆங்கருக்குத்தான் போக வேண்டும்.

எவ்வளவு? அழுத்தத்தை பெல்லோஸின் பயனுறு பரப்பால் பெருக்க வேண்டும். இந்த 20 இன்ச் பெல்லோஸின் சராசரி விட்டம் 540 மி.மீ., பரப்பு சுமார் 2,29,000 சதுர மி.மீ. 5 பார் என்றால் சதுர மி.மீ.க்கு 0.5 நியூட்டன். பெருக்கினால் 115 கிலோநியூட்டன்; கிட்டத்தட்ட 11.7 டன். 10 பாரில் 23 டன். ஹைட்ரோ டெஸ்ட்டின் 15 பாரில் 35 டன். அந்த 35 டன்னைத் தாங்கியவை நான்கு மஞ்சள் ஆங்கிள் துண்டுகள். பிறகு கணக்குப் போட்டேன்: ஒவ்வொன்றிலும் சதுர மி.மீ.க்கு சுமார் 150 நியூட்டன். இரும்பு தாங்கிவிடும், பற்றும் தாங்கியது. லாரியில் வரும் குலுக்கலுக்காக வைத்த துண்டு 35 டன்னைச் சுமந்தது எங்கள் அதிர்ஷ்டம். டெஸ்ட்டில் தேறியது குழாயோ ஆங்கரோ அல்ல, அந்தத் துண்டுகள்.

115 கிலோநியூட்டனுக்கும் குழாய் ஏன் 42 மி.மீ.யோடு நின்றது? தண்ணீர் நிரம்பிய 20 இன்ச் குழாய் மீட்டருக்குச் சுமார் 320 கிலோ. 60 மீட்டருக்கு அது ஷூக்களில் உட்கார்ந்திருக்கும் உராய்வு மட்டுமே 56 கிலோநியூட்டன் வரும். பெல்லோஸின் சொந்த விறைப்பு 14. மீதி 45-ஐ யூட்டிலிட்டி பிளாக் பக்கம் குழாய் குறுக்கே திரும்பிப் போகும் 9 மீட்டர்ப் பகுதி (இதைக் 'கை' என்போம்) வளைந்து வாங்கிக்கொண்டது. இதே கணக்கைத் திரும்பும் குழாயின் 3 பாருக்குப் போட்டால் 10 மி.மீ. சுமாராக வருகிறது, அளந்தது 11. கைக்கணக்குக்கு இது போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுருங்கினாலும் குழாய் பெல்லோஸை விட்டு விலகும். அழுத்தம் தள்ளினாலும் விலகும். திசை ஒன்றே. சில்லரையும் அன்றே ஓட்டியிருந்தால் இரண்டும் கலந்து, எல்லாரும் வெப்பத்தின் மீதே பழியைப் போட்டிருப்போம். நானும்தான்.

## அன்று இரவு

அலுவலகத்துக்கு வந்து எங்கள் லீடிடம் விவரத்தைச் சொன்னேன். முப்பது வருட ஆள். கணக்கைக் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். மஞ்சள் துண்டுகளைத் திரும்ப வைப்பது பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தத் துண்டு எந்த டிராயிங்ல இருக்குப்பா?"

எதிலும் இல்லை.

அவர் பயிற்சி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் ஃபிளிக்ஸ்பரோவைப் பற்றிப் பேசுவார். 1974 ஜூன் 1, இங்கிலாந்து. சைக்ளோஹெக்ஸேன் ஆலையில் விரிசல் விட்ட ஐந்தாவது உலையை எடுத்துவிட்டு, நான்கையும் ஆறையும் 20 இன்ச் குழாயால் இணைத்தார்கள். இரு முனையிலும் பெல்லோஸ். தள்ளுவிசைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. வரைபடம் என்றால் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போட்ட கோடு. குழாய் பிய்ந்து, வெளியேறிய வாயு வெடித்து 28 பேர் செத்தார்கள். எங்கள் குழாயில் ஓடுவது வெறும் தண்ணீர். அதோடு இதை ஒப்பிடக் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் 11 டன்னில் நகரும் இரும்புக்குள் ஓடுவது தண்ணீரா சைக்ளோஹெக்ஸேனா என்பது கீழே நிற்பவனுக்குத் தெரியாது.

அப்போதே தளத்துக்குப் போன் போட்டு என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். இரண்டு துண்டுகளை ஏற்கெனவே டேக் அடித்து, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, வைத்திருந்தார்கள், எடுத்துவிட்டார்கள். எழுத்தில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். ஒப்பந்ததாரர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

## மூன்று வழி, ஒரு முடிவு

மறுநாள் கூட்டம். ஆலைத் தரப்பு, ஏசி ஆலோசகர், ஒப்பந்ததாரர், எங்கள் பக்கம் நானும் ஸ்ட்ரக்சுரல் நண்பரும். இயந்திரங்களுக்குக் குளிர்நீர் கொடுக்க வேண்டிய தேதிக்கு மூன்று வாரமே இருந்தது.

ஏசி ஆலோசகர் முதலில் சொன்னது: "இருபது வருஷமா இப்படித்தான் போடறோம். எங்கேயும் நகர்ந்ததில்லை." அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பெரும்பாலான வேலைகள் அலுவலகக் கட்டடங்களும் மருத்துவமனைகளும். அங்கே 4 இன்ச், 6 இன்ச் குழாய்தான் அதிகம். 4 இன்ச் பெல்லோஸில் 5 பாருக்குத் தள்ளுவிசை 0.6 டன். யூ-போல்ட்டும் உராய்வும் சேர்ந்து அதைப் பிடித்துவிடும். 4 இன்ச் 20 இன்ச்சானால் பெல்லோஸின் நிஜமான சராசரி விட்டம் சுமார் நாலரை மடங்காகும்; விசை அதோடு நிற்காது, விட்டத்தின் வர்க்கமாக ஏறி ஏறத்தாழ இருபது மடங்காகிவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அவரே எழுந்து வந்து 8 இன்ச்சுக்கும் 12 இன்ச்சுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதன் பிறகு கூட்டம் வேறு மாதிரிப் போனது.

முதல் வழி, பெல்லோஸை வைத்துக்கொண்டு நிஜமான ஆங்கர் கட்டுவது. வடிவமைப்பு அழுத்தமான 10 பாருக்கு ஒரு குழாய்க்கு 229 கிலோநியூட்டன், இரண்டு குழாய், இருபுறமும். ரேக்கின் ஒரு ஃபிரேம் நீளவாக்கில் அதிகபட்சம் 40 கிலோநியூட்டன் தாங்கும் என்றார் ஸ்ட்ரக்சுரல் நண்பர். அதற்கு மேல் வேண்டுமென்றால் புதிய பிரேசிங், புதிய அடித்தளம், ஆறு வாரம். கட்டடப் பக்க ஆங்கரைக் கட்டடத்தின் தூணிலேயே கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தத் தூணுக்கு அடுத்த அறை அளவீட்டு ஆய்வகம். அதன் தரைக்கு வி.சி.-பி அளவுகோல்: அதிர்வு நொடிக்கு 25 மைக்ரோமீட்டரைத் தாண்டக் கூடாது. பம்ப் அதிர்வோடு வரும் குழாயை அந்தத் தூணில் இறுக்கிப் பூட்டினால் ஆய்வகத்துக்கு நாமே அதிர்வைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. அதிர்வு ஆலோசகரிடம் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, தள்ளுவிசையைத் தானே சமன் செய்துகொள்ளும் பெல்லோஸ். நல்ல பொருள். வந்து சேர 14 வாரம். இருக்கும் பெல்லோஸுக்கே டை ராடு, அதாவது இரு முனைகளையும் இழுத்துக் கட்டும் கம்பிகள், போட்டுவிடலாமே என்று ஒப்பந்ததாரர் கேட்டார். நேர்க்குழாயில் ஆக்ஸியல் பெல்லோஸை டை ராடால் இறுக்கினால் அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அந்தப் பணத்துக்கு ஒரு குழாய்த் துண்டே போதும்.

அதுதான் மூன்றாவது வழி: பெல்லோஸைக் கழற்றிவிட்டுக் குழாய்த் துண்டையே வைப்பது. சுவர் தொடர்ந்து இருந்தால் தள்ளுவிசை என்ற பேச்சே இல்லை. மீதி 39 மி.மீ. சுருக்கம். நடுவில் ஒரு ஆங்கர் வைத்தால் பக்கத்துக்கு 20. ஒரு பக்கம் 9 மீட்டர்க் கை, மறுபக்கம் 8 மீட்டர்க் கை ஏற்கெனவே இருக்கின்றன. அவை வளைந்து வாங்கிக்கொள்ளும். ரேக்குக்கும் கட்டடத்துக்கும் நிலநடுக்கத்தில் வரக்கூடிய 25 மி.மீ. ஒப்பு நகர்வையும் சேர்த்து, அன்றிரவே சீசரில் ஏற்றிப் பார்த்தேன். சுருக்கத்தால் குழாய்ச் சுவரில் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) மோசமான வளைவில் 128 மெகாபாஸ்கல், அனுமதி 207. அதாவது அந்த பெல்லோஸ் முதலிலிருந்தே தேவைப்படவில்லை. கேட்கவே கசப்பாக இருந்தது. முப்பது மீட்டருக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று என்ற பழக்கத்தில் போட்ட ஒன்று.

நடு ஆங்கருக்கு வரும் விசையில் பெரும்பங்கு உராய்வுதான். இரும்பு மேல் இரும்புக்கு உராய்வெண் 0.3 என்று வைத்தால் 40 கிலோநியூட்டனைத் தாண்டியது. எல்லா ஷூக்களுக்கும் கீழே டெஃப்லான் தகடு போட்டு 0.1-க்குக் கொண்டுவந்தால் 28 கிலோநியூட்டன். ஸ்ட்ரக்சுரல் நண்பர் கையெழுத்துப் போட்டார். ஆலைத் தரப்பு அங்கீகரித்த படத்தை மாற்றுவதில்தான் தயங்கியது. தேதி நெருங்குவதைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள்.

## மாற்றிய ஒன்பது நாள்

அழுத்தத்தை இறக்கியதும் குழாய் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்று தளத்தில் எல்லாரும் நம்பினார்கள். 5 மி.மீ.கூட வரவில்லை. காரணம் அதே உராய்வு. வளைந்த கையும் விரிந்த பெல்லோஸும் குழாயைத் திரும்ப இழுக்க, 56 கிலோநியூட்டன் உராய்வு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பெல்லோஸை அப்படியே அறுத்திருந்தால் ஒரு பக்க இழுப்பு போய்விடும், மீதி எந்த நொடியில் எங்கே விடுபடும் என்று சொல்ல முடியாது. ஆகவே வரிசையை எழுதிக் கொடுத்தேன்: முதலில் தண்ணீரை வடித்து எடையைக் குறைப்பது, செயின் பிளாக்கால் குழாயை இரு பக்கமும் பிடிப்பது, யூட்டிலிட்டி பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஷூவாக ஜாக்கி வைத்து 2 மி.மீ. தூக்கி டெஃப்லான் தகட்டைச் செருகுவது. அதற்கேற்ப செயின் பிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. கடைசி நான்கு ஷூக்களைத் தூக்கும்போது குழாய் சத்தமில்லாமல் தானாக வந்து சேர்ந்தது. பளு தூக்கி நகர்த்தும் ரிக்கர் ஒருவர் தன் உள்ளங்கையைக் குழாயில் வைத்தபடியே அத்தனை நேரமும் நின்றார். அசைவு மீட்டரில் தெரிவதற்கு முன்னாலேயே அவர் "வருது, வருது" என்று சொல்லிவிடுவார்.

கடைசி பட் வெல்டை விடியற்காலையில் போடச் சொன்னோம். மே மாத வெயிலில் மதியம் குழாய் 40-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மூடினால் பின்னால் சுருக்கம் அதிகம். காலை ஆறரைக்கு குழாயின் மேற்பரப்பு 30 டிகிரி. அப்போது மூடினால் பக்கத்துக்கு 16 மி.மீ.தான் சுருங்கும். வெல்டர் முணுமுணுத்தார், நாலு மணிக்கு வந்தார்.

மஞ்சள் துண்டு போன இடத்தில் வேறென்ன தளர்ந்திருக்கும் என்று பம்ப் அறையையும் பார்த்தோம். நான்கு பம்ப்களில் இரண்டில், 12 இன்ச் ரப்பர் பெல்லோஸின் டை ராடு நட்டுகள் நுனிவரை திறந்திருந்தன. "பெல்லோஸ் ஃப்ரீயா இருக்கணும்னு விட்டோம்" என்றார்கள். அங்கே 5 பாருக்கு 4.6 டன். ஸ்பிரிங் மேல் நின்ற பம்ப்பின் அடித்தளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; கப்ளிங்கைக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் இறுகியது. நட்டுகளைச் சரிசெய்து அலைன்மென்ட் மறுபடி பார்த்தார்கள்.

இழுபட்ட 3 இன்ச் கிளையை வெட்டி எறிந்துவிட்டு, பெரிய குழாய் 20 மி.மீ. நகர்ந்தாலும் தாங்கும்படி ஒரு திருப்பம் கூடுதலாக வைத்துப் புதிதாகப் போட்டோம். மறுபடி ஹைட்ரோ டெஸ்ட், மறுபடி ஃபிளஷிங். தேதி நான்கு நாள் தள்ளிப்போனது. செலவு யார் தலையில் என்ற கடிதப் போக்குவரத்து அதைவிட நீண்ட நாள் நடந்தது.

## சில்லர் ஓடிய பின்

முதல் ஷூவிலும் கடைசி ஷூவிலும் பீம் மேல் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தோம். தண்ணீர் 7 டிகிரிக்கு வந்து ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 17. திரும்பும் குழாய் கொஞ்சம் வெதுவெதுப்பு, அது 13. ஒரே ஒரு ஷூ பீமைத் தொடாமல் 2 மி.மீ. மேலே நின்றது. கணக்கிலும் அது தூக்கும் என்று வந்திருந்தது. தகடு வைத்து அடைத்தோம்.

அக்டோபரில் மழை தொடங்கியதும் இன்னொரு போன். நடு ஆங்கரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கீழே கேபிள் டிரே. ஒழுக்கு என்று நினைத்துப் பதறிப் போய்ப் பார்த்தால் வியர்வை. மற்ற ஷூக்களில் எல்லாம் குழாய்க்கும் இரும்புக்கும் நடுவே அடர்த்தியான பி.யூ. ஃபோம் கட்டை இருந்தது. அவசரத்தில் நான் வரைந்த ஆங்கரில் தகடுகளை நேராகக் குழாயிலேயே பற்றவைக்கச் சொல்லியிருந்தேன். 7 டிகிரி இரும்பு இன்சுலேஷனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கடலோர ஊரின் காற்று சும்மா விடுமா? விசையைச் சரியாகக் கணக்கிட்டு, குளிரை மறந்துவிட்டேன். குளிர்நீர்க் குழாயில்! இன்சுலேஷனைத் தகடுகளின் மேல் முழுக்க இழுத்து ஆவித்தடுப்பு பூசி, கீழே பீமோடு சேரும் இடத்தில் கெட்டியான இன்சுலேஷன் பலகை கொடுத்து மாற்றினோம். டிரேக்கு மேலே ஒரு சொட்டுத் தட்டும் வைத்தார்கள். அது இன்னும் இருக்கிறது.

## இப்போது மாற்றியவை

பட்டியலின் அளவுகோலில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கிய எண். வெப்பநிலை எதுவாக இருந்தாலும், யார் பொறுப்பாக இருந்தாலும், ஒரு குழாயில் பெல்லோஸ் குறி இருந்தால் அது எங்கள் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். 'பிறர் பொறுப்பு' என்று எழுதும் இடத்தில், அந்தப் பிறர் கொடுத்த ஆங்கர் விசை எவ்வளவு என்று எண்ணை எழுத வேண்டும். எண் இல்லாத முக்கோணத்தை ஆங்கராக ஏற்பதில்லை.

மஞ்சள் துண்டுகளை அறுக்க இப்போது தனி அனுமதிச் சீட்டு. ஆங்கரை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, படத்தோடு கையெழுத்திட்ட பிறகுதான் கிரைண்டர் எடுக்கலாம். ஹைட்ரோ டெஸ்ட்டின்போது அவை இருந்தால் அறிக்கையிலேயே அதைக் குறிக்க வேண்டும். போனில் தற்காலிக ஏற்பாட்டுக்குச் சம்மதம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒரு கையால் வரைந்த படமாவது, ஒரு எண்ணாவது எழுத்தில் வரட்டும் என்று சொல்லிவிடுகிறேன். இதனால் தளத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்.

அடுத்த திட்டத்தில் புதிய அளவுகோல்படி பட்டியல் போட்டபோது பழைய முறையில் வந்திருக்காத 11 குழாய்கள் உள்ளே வந்தன. அதில் ஒன்பதில் பெல்லோஸே தேவையில்லை என்று கணக்கில் தெரிந்தது, எடுத்துவிட்டோம். மீதி இரண்டும் கூலிங் டவர் குழாய்கள், 24 இன்ச். அவற்றின் ஆங்கர் படத்தை ஏசி ஆலோசகரே, அதே ஆள்தான், விசையை எழுதி அனுப்பியிருந்தார்.